நினைத்த இடத்தில் நிறுத்த விடாத கேம் நல்ல கேமா?

மாம்பலம்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு வீடியோ கேமை நல்லது என்றோ சுமார் என்றோ சொல்லும்போது நாம் பெரும்பாலும் கதையையும் கிராஃபிக்ஸையும் சண்டைக் காட்சிகளையும்தான் எடைபோடுகிறோம். எனக்கோ சில ஆண்டுகளாக வேறோர் அளவுகோல் அமைந்துவிட்டது. என்னை எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள விடுகிறது, மறுபடியும் வந்து உட்காரும்போது விட்டதில் எவ்வளவைத் திருப்பிக் கொடுக்கிறது என்பதை வைத்தே ஒரு கேமை மதிக்கிறேன். இது நியாயமான அளவுகோல்தானா, அல்லது என் வீட்டுச் சூழலை எல்லாக் கேம்களின் தலையிலும் கட்டுகிறேனா என்று உங்களிடம் கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இந்த எண்ணம் எனக்குள் விழுந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. 2012-ஆம் ஆண்டு; சென்னையில் அட்டவணை போட்டு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் மின்சாரத்தை நிறுத்திக்கொண்டிருந்த காலம். (மற்ற மாவட்டங்களில் இருந்தவர்கள் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் நாங்கள் கொடுத்து வைத்தவர்கள்.) மேற்கு மாம்பலத்தில் முதல் மாடி வீடு, யூபிஎஸ் பேட்டரி செத்துப்போன பழைய கணினி, அதில் ஜிடிஏ வைஸ் சிட்டி. 2002-இல் வெளிவந்த கேம்தான் என்றாலும் எங்கள் வீட்டுக்கு அது பத்து ஆண்டு கழித்தே வந்து சேர்ந்தது. ஆடியவர்கள் யாரும் அந்தப் பொம்மை ஹெலிகாப்டர் மிஷனை மறந்திருக்க மாட்டார்கள். கட்டி முடிக்கப்படாத ஒரு கட்டடத்துக்குள் அதைப் பறக்கவிட்டு நான்கு வெடிகுண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் வைக்க வேண்டும். முதல் குண்டைத் தூக்கியதும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். பல நாள் தோற்றபின் ஒருநாள் மூன்று குண்டுகளை வைத்துவிட்டு, நான்காவதோடு படிக்கட்டு வளைவில் ஏறிக்கொண்டிருந்தேன். திரை சட்டென்று அணைந்தது. தலைக்கு மேலே மின்விசிறி மட்டும் இன்னும் சில சுற்றுகள் சுற்றிவிட்டு நின்றது.

அந்த மிஷன் மட்டும் போயிருந்தால் மனம் ஆறியிருக்கும். குறிப்பிட்ட சில வீடுகளுக்குத் திரும்பிப் போனால்தான் அந்த கேமில் சேவ் செய்ய, அதாவது ஆடிய அளவைப் பதிந்துவைக்க, முடியும் என்பதால், அதற்கு முன் முடித்திருந்த இரண்டு மிஷன்களும் சேர்ந்தே போயின. இருட்டில் ஒரு கடற்கரைச் சாலையில் காரின் ரேடியோவைப் போட்டுக்கொண்டு சும்மா போய்க்கொண்டே இருக்கும் சுகத்தை வைஸ் சிட்டி அளவுக்கு வேறெந்த கேமும் எனக்குத் தந்ததில்லை. ஆனாலும் அன்று முதல் அதன்மீது ஒரு வருத்தம் இருக்கிறது.

அதே கணினியில்தான், ஊரைக் கட்டிப் படை திரட்டிப் போரிடும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ஐயும் ஆடினேன். தனியாக ஆடும்போது எந்த நொடியிலும் அதில் சேவ் செய்யலாம். கரண்ட் போகும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாக ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு எழுந்துபோனால், திரும்பி வரும்போது மரம் வெட்டப் போனவன் ஓங்கிய கோடரியோடு அதே இடத்தில் நின்றுகொண்டிருப்பான். 1999-இல் வந்த அந்த கேமை இன்றுவரை நான் கைவிடாததற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், 2022-இல் வந்த இந்திய அரசகுலங்களின் விரிவாக்கம். அதில் திராவிடர் என்ற அணியும், ராஜேந்திர சோழனின் படையெடுப்பும், சுருள்வாளைச் சுழற்றும் வீரர்களும், திரிசடை என்ற போர்க்கப்பலும் இடம்பெற்றன. கிராமத்துக் குடியானவனைத் தொட்டதும் அவன் தமிழில் பதில் சொன்ன முதல் நாள், வேலை எதுவும் கொடுக்காமல் அவனை நான்கைந்து முறை தொட்டுத் தொட்டுக் கேட்டேன்.

இப்போது பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டில் மூன்று வயது மகள். இரவு பத்திலிருந்து பதினொன்று வரைதான் எனக்கென்று உள்ள நேரம். அதுவும் நடுவில் எப்போது அழைப்பு வரும் என்று சொல்ல முடியாது. இந்த ஒரு மணி நேரத்துக்குள் ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேம் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். அதில் நாளின் முடிவில் தூங்கினால்தான் சேவ் ஆகும் என்பது கேட்பதற்குக் கண்டிப்பாகத் தோன்றலாம். ஆனால் அந்த ஒரு நாள் என்பது முழுதாக ஆடினாலும் நம் கணக்கில் ஏறத்தாழ 14 நிமிடம்தான். விதைத்து, தண்ணீர் ஊற்றி, குளத்தில் இரண்டு மீன் பிடித்துவிட்டுப் படுத்தால் கணக்கு முடிந்தது. செலஸ்ட் என்ற மலையேறும் கேம் இன்னும் ஒரு படி மேல். ஒரு திரையில் நூறு முறை விழுந்தாலும் அதே திரையின் தொடக்கத்தில் கண்ணிமைக்கும் நேரத்தில் நம்மை மறுபடியும் நிறுத்திவிடுகிறது. ஆட்டம் மிகக் கடினமானதுதான், ஆனால் என் நேரத்தில் அது கை வைப்பதில்லை.

கௌபாய் கதையான ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-ஐ எல்லாரும் கொண்டாடுகிறார்கள். பனிமலையில் தொடங்கும் அதன் முதல் அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு நானும் வியந்துதான் போனேன். இருந்தும் மூன்றாம் அத்தியாயத்தோடு நின்றுவிட்டேன். குதிரைமேல் பேசிக்கொண்டே நெடுந்தூரம் போய், ஒரு சண்டையை முடித்து, மீண்டும் பேசிக்கொண்டே திரும்பும் மிஷனின் நடுவில் மகள் அழுதால், விட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டியதுதான். நடுவில் சேவ் கிடையாது. ஒரே மிஷனின் அதே உரையாடலை மூன்றாம் முறை கேட்டபோது இது எனக்கான கேம் அல்ல என்று எடுத்து வைத்துவிட்டேன்.

சேவ் செய்யும் முறைக்காகவே நீங்கள் நேசித்த, அல்லது கைவிட்ட கேம்கள் உண்டா? என் அளவுகோல் தவறு என்று நினைப்பவர்களும் தயங்காமல் எழுதுங்கள்.


திருவான்மியூர் அலை எழுதியது:

மாம்பலம்வாசி அவர்களே, உங்கள் பதிவின் ஒவ்வொரு வரியும் எனக்குப் புரிகிறது, ஆனாலும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. நான் பெரும்பாலும் திகில் கேம்களை ஆடுகிறவள். நினைத்த நொடியில் சேவ் செய்யலாம் என்று வைத்துவிட்டால் அந்த வகை கேம்களின் உயிரே போய்விடும்.

1996-இல் வந்த முதல் ரெசிடென்ட் ஈவிலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சேவ் செய்வதற்கு ஒரு தட்டச்சுப் பொறி வேண்டும், அதில் போட மை நாடாவும் வேண்டும். நாடாக்கள் எண்ணிக்கைக்குட்பட்டவை. அதோடு, நாடாவைக் கையில் வைத்திருந்தால் அது பையில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கிறிஸ் என்ற பாத்திரத்துக்கு இருப்பதே ஆறு இடங்கள், ஜில்லுக்கு எட்டு. ஆகவே ஒவ்வொரு முறை அறையை விட்டுக் கிளம்பும்போதும், மருந்து மூலிகையை எடுப்பதா, தோட்டாவை எடுப்பதா, நாடாவை எடுப்பதா என்று கணக்குப் போட வேண்டியிருக்கிறது. சேவ் செய்வதும் அங்கே ஆட்டத்தின் ஒரு பகுதி. நாடா வீணாகிவிடுமே என்று இன்னும் இரண்டு அறைகள் போய்ப் பார்க்கலாம் என்று துணிவதும், அந்தத் துணிவுக்காக வருந்துவதும்தான் அந்த கேம் எனக்குக் கொடுத்தது.

இதைவிட நெருக்கமான உதாரணம் 2014-இல் வந்த ஏலியன்: ஐசொலேஷன். விண்வெளி நிலையத்தின் சுவர்களில் ஆங்காங்கே தொலைபேசி போன்ற ஒரு பெட்டி மாட்டியிருக்கும். அதில் அட்டையைச் செருகிவிட்டுக் காத்திருக்க வேண்டும். விளக்குகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எரிந்த பிறகே சேவ் ஆகும். ஆட்டம் அப்போதும் நிற்காது. முதல் விளக்கு எரிந்திருக்கும்போது மேலே காற்றுக்குழாயில் ஏதோ நகரும் ஓசை கேட்கும். அந்தச் சில நொடிகளில் நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டாம் விளக்கு எரிந்த நிலையில் முதுகில் குத்துப்பட்டுச் செத்தும் போயிருக்கிறேன். அரை மணி நேர ஆட்டம் போயிற்று. ஆனால் அதற்காக அந்த கேமைக் கோபித்துக்கொள்ள எனக்குத் தோன்றவே இல்லை, ஏனென்றால் அந்த அரை மணி நேரத்தை நான் எவ்வளவு விலைமதிப்புள்ளதாக நினைத்திருந்தேனோ அவ்வளவுக்குத்தான் என் பயமும் உண்மையாக இருந்தது.

வைஸ் சிட்டியைப் பற்றி நீங்கள் சொல்வது வேறு. அங்கே சேவ் செய்ய வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற விதி ஆட்டத்துக்கு எந்தச் சுவையையும் கூட்டவில்லை. கட்டுப்பாடு இருக்கிறதா என்று பார்க்காமல், அந்தக் கட்டுப்பாடு அங்கே என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.


வில்லிவாக்கம் 2003 எழுதியது:

இருவருக்கும் ஒரு குறிப்பு மட்டும். சேவ் செய்வதும் பாஸ் பட்டனை அழுத்தி நிறுத்துவதும் வேறு வேறு. கடினத்துக்குப் பேர்போன எல்டன் ரிங் கேமில் வெளியேறினால் நின்ற இடத்துக்கே திரும்ப வரலாம், அந்த வகையில் சேவ் விஷயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தனியாக ஆடும்போதுகூட ஆட்டத்தை நிறுத்திவைக்கப் பாஸ் பட்டன் கிடையாது. வாசலில் கூரியர்காரர் மணி அடித்தால் குதிரையை ஒரு பாறை மறைவில் நிறுத்திவிட்டுத்தான் ஓட வேண்டும். அதே நிறுவனத்தின் செகிரோ 2019-இல், அதாவது எல்டன் ரிங்குக்கு மூன்று ஆண்டுகள் முன்னரே, பாஸ் பட்டனோடு வந்தது. செகிரோ எளிதான கேம் என்று இதுவரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எனவே கடினத்துக்காகத்தான் பாஸ் பட்டனை எடுத்தார்கள் என்ற வாதம் எனக்கு எடுபடவில்லை.


பெரம்பூர் நால்வர் எழுதியது:

வணக்கம் அண்ணா. நீங்கள் மூவரும் தனியாக ஆடும் கேம்களைப் பற்றியே பேசுகிறீர்கள். என்னைப் போன்றவர்களின் பெரும்பாலான ஆட்டம் மற்றவர்களோடுதான், அங்கே சேவ் என்ற சொல்லே கிடையாது.

பள்ளி நாட்களில் பெரம்பூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து கவுண்ட்டர் ஸ்ட்ரைக் 1.6 என்ற துப்பாக்கிச் சண்டை கேமை ஆடுவோம். ஒரே அறையில் பத்துக் கணினிகள், பத்துப் பேர், பெரும்பாலும் டஸ்ட் 2 வரைபடம். ஒரு சுற்று சில நிமிடங்களில் முடிந்துவிடும். செத்தவன் அடுத்த சுற்றுவரை மற்றவனின் திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பான். அங்கேயும் கரண்ட் போனதுண்டு. ஆனால் போனால் பத்துப் பேருக்கும் ஒன்றாகப் போனது. எல்லாரும் தெருவுக்கு வந்து, யார் ஜெயித்திருப்பார்கள் என்று விவாதித்துக்கொண்டு நிற்போம், கடைக்காரர் மீதி நேரத்தைச் சீட்டில் எழுதித் தருவார். நாங்கள் வைத்திருந்த ஒரே சேவ் அந்தச் சீட்டுதான்.

பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ-யில் நிலைமை தலைகீழ். நூறு பேர் இறங்கும் வரைபடத்தில் நால்வராகச் சேர்ந்து ஆடுகிறோம். ஆடும் இடம் சுருங்கிக்கொண்டே வந்து கடைசி வட்டம் ஆகும்வரை தாக்குப்பிடித்தால் அரை மணி நேரம் ஆகிவிடும். நடுவில் அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் நான் மட்டும் எழுந்துபோகலாம், ஆட்டம் நிற்காது. மூன்று பேர் என்னை நம்பிக் கட்டடத்துக்குள் நின்றுகொண்டிருப்பார்கள், வாசலைக் காக்க வேண்டிய நான் அசையாமல் நிற்பேன். என் நேரம் போவதைவிட அவர்களின் நேரம் என்னால் போவதுதான் எனக்கு உறுத்துகிறது. அதனால் இப்போது இரவு உணவுக்குப் பிறகே தொடங்குவது என்று நால்வரும் பேசி வைத்திருக்கிறோம்.

இன்னொன்று. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டு, அக்டோபர் இறுதியில் அதன் சர்வர்களும் இந்தியாவுக்கு நிறுத்தப்பட்டபோது, நாங்கள் சேர்த்து வைத்திருந்த எல்லாம் எங்கள் கைபேசியில் இல்லை என்பதை அன்றுதான் உணர்ந்தோம். 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ வந்தபோது பழைய கணக்கை மாற்றிக்கொள்ள வழி செய்தார்கள், அதனால் பிழைத்தோம். ஆனாலும் உங்கள் வீட்டுக் கணினியில் கிடக்கும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் சேவ் கோப்பைப் போல அது ஒருபோதும் எங்களுடையதாக இருக்கவில்லை.


கோட்டூர்புரம் கைப்பிரதி எழுதியது:

நல்ல இழை. கேள்வி கேட்டவரின் அளவுகோலில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். விட்டுப்போன மற்றொரு பாதி எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. கேம் சேவ் ஆகிவிடுகிறது, என் நினைவு சேவ் ஆவதில்லை.

ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் என்ற கேமை லூகாஸ் போப் 2018-இல் வெளியிட்டார். 1807-ஆம் ஆண்டில் ஆளில்லாமல் திரும்பி வரும் ஒரு வணிகக் கப்பலுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளராகப் போய், அதிலிருந்த 60 பேரும் யார் யார், ஒவ்வொருவருக்கும் என்ன ஆயிற்று என்று கண்டுபிடித்துக் கையேட்டில் எழுத வேண்டும். மூன்று பேரைப் பற்றிச் சரியாக எழுதினால்தான் அது சரி என்று கையேடு ஒப்புக்கொள்ளும், அதனால் குருட்டாம்போக்கில் ஊகித்துத் தப்பிக்க முடியாது. மாலுமிகள் படுக்கும் தொங்குபடுக்கைகளில் எண்கள் மாட்டியிருக்கும். அந்த எண்ணை ஊழியர் பட்டியலோடு ஒப்பிட்டால் பெயர் கிடைக்கும் என்று நானே உணர்ந்த இரவை மறக்க மாட்டேன். ஓரிடத்தில் ஒருவரின் முகத்தைப் பார்த்து, வேறோரிடத்தில் அவரோடு யார் நிற்கிறார் என்று கவனித்து, இன்னோரிடத்தில் கேட்ட குரலின் வட்டார வழக்கை அதோடு முடிச்சுப் போட வேண்டிய கேம் அது.

மாம்பலம்வாசியின் அளவுகோலில் இதற்கு முழு மதிப்பெண் உண்டு, எப்போது வேண்டுமானாலும் மூடலாம். நானும் அப்படித்தான் ஒருமுறை மூடினேன், வேலைப்பளுவால் மூன்று வாரம் திறக்கவில்லை. திரும்பி வந்தபோது கையேட்டில் எல்லாம் பத்திரமாக இருந்தது. ஆனால் அந்தத் தாடிக்காரரை ஏன் தச்சரின் உதவியாளர் என்று சந்தேகித்தேன் என்பது சுத்தமாக மறந்துபோயிருந்தது. ஒவ்வொரு காட்சியையும் மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று. இப்படிப்பட்ட கேமை நான்கைந்து இரவுகள் தொடர்ச்சியாக ஒதுக்க முடிந்தால்தான் தொடங்க வேண்டும்.

இந்தச் சிக்கலை உணர்ந்து உதவிய கேம்களும் உண்டு. விட்ச்சர் 3-இல் சேவ் கோப்பைத் திறக்கும்போது, அதுவரை நடந்த கதையை ஒரு குரல் சுருக்கமாகச் சொல்லிக்கொண்டே வரும். பாட்டி நேற்று விட்ட இடத்தை நினைவூட்டிவிட்டுக் கதையைத் தொடர்வதுபோல இருக்கும். எத்தனையோ பெரிய கேம்கள் இதைச் செய்யாதது எனக்கு இன்றும் வியப்புதான்.

2019-இல் வந்த அவுட்டர் வைல்ட்ஸ் இதற்கு நேரெதிரான வழியில் போகிறது. 22 நிமிடத்தில் சூரியன் வெடித்து எல்லாம் அழிந்து, நாம் மறுபடியும் தொடக்கத்தில் கண் விழிப்போம். கையில் எந்தப் பொருளும் தங்காது, நாம் அறிந்துகொண்டது மட்டுமே தங்கும். அதையும் விண்கலத்தில் உள்ள குறிப்பேடு வரிசைப்படுத்தி வைத்திருக்கும். கரண்ட் போனால் இழப்பதற்கு அதில் அநேகமாக ஒன்றுமே இல்லை.

நேரம் இல்லாதவர்களுக்கு மற்றொரு பரிந்துரை, வெண்பா என்ற சமையல் கேம். 1988-இல் கனடாவுக்குப் போய்க் குடியேறும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. 2023-இல் வந்தது, அடுத்த ஆண்டு அறிமுகப் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதையும் பெற்றது. அம்மாவின் கையெழுத்தில் உள்ள சமையல் குறிப்பு கறைபட்டு அழிந்திருக்க, விடுபட்டதை நாம் ஊகித்து இட்லி ஊற்ற வேண்டும். ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். இவ்வளவு குறைவாக இருப்பதாகச் சிலர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அந்த நீளம் போதுமானதாகவே இருந்தது. மகன் தமிழ்க் குறிப்பைத் தட்டுத்தடுமாறிப் படிக்கும் இடத்துக்குப் பிறகு இன்னொரு மணி நேரம் இழுத்திருந்தால் அது நீர்த்துப்போயிருக்கும்.


மாம்பலம்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இரண்டு நாட்களாக மின்ரயிலில் போகும்போதும் வரும்போதும் உங்கள் பதில்களையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

கோட்டூர்புரம் நண்பர் சொன்னது என்னை நேராகத் தைத்தது. ரெட் டெட் 2-ஐ நான் கைவிட்டதற்கு மிஷன் நடுவில் சேவ் இல்லாததை மட்டுமே காரணமாகச் சொன்னேன். நேற்றிரவு அந்தப் பழைய சேவ் கோப்பைத் திறந்து பார்த்தேன். அதன் நாயகன் ஆர்தர் கூடாரத்தருகே நின்றுகொண்டிருந்தார், சுற்றிலும் ஏழெட்டுப் பேர் நடமாடிக்கொண்டிருந்தார்கள், அவர்களில் பாதிப் பேர் யாரென்றே எனக்கு நினைவில்லை. அதற்கு சேவ் முறையைக் குறை சொல்ல முடியாது. அவருடைய நாட்குறிப்பைத் திறந்து, நடந்ததை அவர் கைப்பட எழுதியும் வரைந்தும் வைத்திருப்பதை முக்கால் மணி நேரம் உட்கார்ந்து படித்தேன்; ஆட்டம் எதுவும் ஆடாமல் அந்த கேமில் கழித்த மிக நல்ல இரவு அதுதான். தொடர்ந்து ஆடுவேன் என்றே நினைக்கிறேன்.

பெரம்பூர் தம்பி, மீதி நேரத்தைச் சீட்டில் எழுதித் தரும் அந்தக் கடை வழக்கத்தை நான் அடியோடு மறந்துவிட்டிருந்தேன். எங்கள் பகுதியிலும் அப்படித்தான். சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிய அப்படி ஒரு சீட்டு என் பழைய இயற்பியல் புத்தகத்துக்குள் வெகுநாள் கிடந்தது.

திருவான்மியூர் அலை அவர்களே, மூன்று விளக்குகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, பறிபோகும் நேரம் எல்லாம் ஒரே வகையானதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் மகளின் அழைப்பு காற்றுக்குழாய் ஓசைக்கு முன்பே வந்துவிடும் என்பதால், ஏலியனைச் சற்றுத் தள்ளி வைத்திருக்கிறேன். முதலில் ரெசிடென்ட் ஈவிலிலிருந்து தொடங்கலாம் என்று எண்ணம். அதில் ஜில்லை எடுத்துக்கொள்வதா, கிறிஸை எடுத்துக்கொள்வதா என்று மட்டும் சொல்லுங்கள். பையில் எட்டு இடம் உள்ளவர்தான் முதன்முறை ஆடுபவருக்கு ஏற்றவர் என்று எனக்குப் படுகிறது, அல்லது ஆறு இடத்தோடு திண்டாடினால்தான் நீங்கள் சொன்ன அந்தக் கணக்கு கைக்கு வருமா?